மணல் நாட்டுக்கு வழி சொன்ன கோலம்

ஒரே ஒரு ஊர்ல ஓரகத்தி ரெண்டு பேரு எதுத்தெதுத்த வீட்டுல இருந்தாங்களாம். மூத்தவ சிட்டம்மா, இளையவ ஆவுடை. ஆவுடை அடுப்புல குழம்பு கொதிச்சா சிட்டம்மா வயிறு கொதிக்கும். ஆவுடை தும்முனா, 'எனக்கு ஏன் தும்மல் வரல'ன்னு மூக்கைத் தேய்ப்பா. அப்படி ஒரு மனசு!

ஒரு நாள் ஒரு பரதேசி ஆவுடைகிட்ட, "தாயி, ஏழு நாள் மணல்ல நடந்தா ஒரு நாடு வரும், இங்கிருந்து அங்க ஒருத்தரும் போறதில்ல, அந்த ராணி புளியே கண்டதில்ல, கொண்டு வர்றவளைப் பக்கத்துல உக்கார வச்சுக்குவா"ன்னு சொல்லிட்டு, வழியையும் சொல்லிட்டுப் போனான்.

உடனே ஆவுடை புளியைக் காயப் போட்டா, தண்ணிக்குத் தோல்பை தச்சா, அப்புறம் எதுத்த வீட்டைப் பாத்து, பரதேசி சொன்னதையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டா. "அக்கா, வழியில மூணு கிணறு இருக்காம், அந்த நாட்டாளுக பலகை போட்டு மணலால மூடியிருப்பாங்களாம். எனக்கு எழுத்தா தெரியும்? மறந்துரக் கூடாதுன்னு தினம் வழியைக் கோலமாப் போடுதேன். வாசப்படி நம்ம ஊரு, மூணு புள்ளி மூணு கிணறு. வந்து பாருங்க, சேந்தே போவோம்."

மொத நாள் கூப்பிட்டா, போகல. மறுநாள் கூப்பிட்டா, போகல. மூணாம் நாளும் போகல. 'அவ வாசலை நான் மிதிக்கணுமா? ராணி பக்கத்துல அவ உக்காரணுமா?' சிட்டம்மாவுக்கு சோறு இறங்கல. தன் வீட்டுக் கதவிடுக்குல நின்னே கோலத்தைப் பாத்தா. மொதக் கிணறு பீச்சாங்கைப் பக்கம், ரெண்டாவது சோத்தாங்கைப் பக்கம், மூணாவது பீச்சாங்கைப் பக்கம். அவ்வளவுதானே!

விடியுமுன்ன கழுதை மேல புளிமூட்டையையும் தண்ணித் தோல்பையையும் ஏத்திக்கிட்டுப் புறப்பட்டுட்டா.

நடந்தா நடந்தா, பீச்சாங்கைப் பக்கம் தோண்டுனா, மணல். அப்புறம் நடந்தா, சோத்தாங்கைப் பக்கம் தோண்டுனா, மணல். அப்புறமும் நடந்தா, பீச்சாங்கைப் பக்கம் தோண்டுனா, அங்கயும் மணல். தோல்பை காஞ்சு போச்சு, நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்பவும், 'பாவி, எனக்குன்னே பொய்க்கோலம் போட்டிருக்கா'ன்னு ஆவுடையத்தான் வஞ்சா, கேட்டீங்களா!

கழுதை பாத்துச்சு. மூட்டையை உதறிட்டு, இவளை முதுகுல சுமந்துக்கிட்டு ஊரைப் பாக்கத் திரும்பிருச்சு. கழுதைக்குப் பொறாமை ஏது? தொட்டியில தண்ணி இருந்த ஆவுடை வாசல்லயே போய் நின்னுச்சு. சிட்டம்மா கோலத்து மேலயே விழுந்தா.

"ஐயோ அக்கா!"ன்னு ஆவுடை ஓடிவந்து, படியில உக்கார வச்சு, தண்ணி குடுத்தா. குடிச்சுட்டு நிமிந்து பாத்தா, மொதப் புள்ளி சோத்தாங்கைப் பக்கம் இருக்கு!

"அடியே, இது இந்தப் பக்கமா இருந்துச்சு?"

"வாசப்படியில நின்னுல்லா பாக்கணும்! எதுத்தாப்புல நின்னு பாத்தா எல்லாம் மாறித்தானே தெரியும். அதுக்குத்தானக்கா மூணு தடவை கூப்பிட்டேன்?"

சிட்டம்மா சேலையில ஒட்டுன கோலமாவைத் தட்டிக்கிட்டே எந்திரிச்சுப் போனா. மறுநாள் ஆவுடை கிளம்புனா. "அக்கா, ஆளில்லாத வீடுன்னு வாசல் வெறுமனே கெடக்கக் கூடாது. நான் வர்றவரைக்கும் நீங்கதான் கோலம் போடணும்."

அவ தண்ணியைக் குடிச்ச வாயால மாட்டேன்னு எப்படிச் சொல்லுவா? தினம் காலையில சிட்டம்மா தெருவைத் தாண்டி வந்து, குனிஞ்சு, அந்த வாசலுக்குக் கோலம் போட்டா. போறவ வர்றவ எல்லாம், "ஆவுடை எங்க?"ன்னு கேட்டாளுக. அவளும் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "மணல் நாட்டுல, ராணி பக்கத்துல உக்காந்திருக்கா"ன்னு தன் வாயாலயே தினம் தினம் சொன்னாளாம்.

கோலத்தைக் கோழி கலைச்சுது, கதையும் அதோட கலைஞ்சுது.