மேஜைக்கு வந்த கமகம்

செம்பியன்பேட்டை சங்கீத சபாவில் நான் முப்பது வருஷமாக மூன்றாவது வரிசையில் உட்காருகிறவன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சபாவை நடத்தும் நாலு பேரின் மூளையையும் ஒன்றாகப் போட்டுச் சலித்தாலும் ஒரு ஆளுக்குப் போதுமானது தேறாது. ஆனால் தங்கமான மனுஷர்கள், உதவி என்றால் ஓடிவருவார்கள். ஆபத்தே அதுதான்.

தலைவர் அம்பலவாணன், செயலாளர் திருவேங்கடம், உறுப்பினர்கள் மாசிலாமணி, சடகோபன். கூடிப் பேசாமல் எதையும் செய்யமாட்டார்கள். பேசிவிட்டால் செய்யாமல் இருக்கமாட்டார்கள்.

அந்த வருஷம் காஷ்ட தரங்க வித்வான் பூவராகனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஈட்டி மரத்தில் பெரிதும் சிறிதுமாக அறுத்த பதினெட்டுக் கட்டைகளை இரண்டு கயிற்றின் மேல் வரிசையாக அடுக்கி, குச்சியால் தட்டி வாசிக்கிற வாத்தியம் அது. இதற்கு உறவு முறையான சைலபோனுக்கு வெள்ளைக்காரர்களின் ஆர்க்கெஸ்ட்ராவில் தனி இடமே உண்டு. நம்ம ஊர் மேடையில் கிடையாது. ஏனென்றால் கட்டையைத் தட்டினால் ஒரு ஸ்வரம் வரும், அதோடு சரி. அது வளையாது, அசையாது. ஸ்வரத்தை அசைத்து இழைப்பதற்குக் கமகம் என்று பெயர். அது இல்லாத வாத்தியத்தைக் கர்நாடக சங்கீதக்காரர்கள் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பாவம் பூவராகன்! பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளைப் பஞ்சு சுற்றிய குச்சியால் மெத்தென்று மாற்றி மாற்றி உருட்டி, கேட்கிறவன் காதுக்கு அசைகிற மாதிரியே தோன்றவைக்க இருபத்தாறு வருஷம் உழைத்திருந்தார். அதை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை.

வாத்தியம் முதல் நாளே பார்சலில் வந்தது. நால்வரும் பிரித்து அடுக்கினார்கள். போன வருஷம் ஜலதரங்கம் நடந்தது, கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றினார்கள். இதுவும் தரங்கம்தானே? ஆளுக்கொரு செம்பு கொண்டு வந்து ஊற்றினார்கள்.

"தண்ணி நிக்க மாட்டேங்குதே," என்றார் சடகோபன்.

"மெதுவா ஊத்துய்யா. எடுத்தவுடனே எப்படி நிக்கும்?" என்றார் மாசிலாமணி.

ஏழாவது செம்பில் பூவராகன் வந்து சேர்ந்தார். அவர் போட்ட அலறலுக்குத் தெருநாய் எழுந்து ஓடியது. "ஐயோ, ஈரம் பட்டா கட்டை செத்துடும்! காய வைங்க. நேர் வெயில் வேண்டாம். யாரும் தொடாமப் பாத்துக்குங்க!" என்றார்.

நேர் வெயில் கூடாது என்றாரே என்று சாயங்காலம் நாலு மணிவரை, வெயில் சாய்கிறவரை, காத்திருந்து காயவைத்தார்கள். பிறகு சுற்றிலும் நின்று காவல் காத்தார்கள். பூவராகன் கையை நீட்டியதும் அம்பலவாணன் தடுத்தார்.

"யாரும் தொடக்கூடாது."

"யோவ், சொன்னதே நான்தானே!"

"சொன்னவரே மீறலாமா?" என்றார் அம்பலவாணன், மிகுந்த வருத்தத்துடன்.

அதை ஒருவழியாகத் தீர்ப்பதற்குள் சென்னையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அங்கே ஒரு பெரிய சபாவின் காரியதரிசி ஞானசுந்தரி அம்மாள் எழுதியிருந்தார். "கச்சேரியன்று நேரில் வந்து கேட்கிறேன். தோடி ராகத்தில் காந்தார ஸ்வரம் அசைய வேண்டும். அசைந்தால் டிசம்பரில் எங்கள் மேடை. அசையாவிட்டால் அந்தக் கட்டைகளை அடுப்புக்குக் கொடுத்துவிடலாம்."

பூவராகன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "எனக்கு அம்பத்தெட்டு வயசாச்சு. இதை விட்டா இன்னொரு சந்தர்ப்பம் கிடையாது," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

நால்வருக்கும் கண் கலங்கிவிட்டது. உடனே கூட்டம் போட்டார்கள்.

"அசையணும்னுதானே கேக்கறாங்க? அந்த மனுஷன் ஒத்தையா என்ன பண்ணுவாரு? நாம அசைப்போம்," என்றார் திருவேங்கடம்.

"காந்தாரக் கட்டையை மட்டுமா?" என்றார் மாசிலாமணி.

"மத்த கட்டைக்கு மனசு கஷ்டப்படாதா? மேஜையோட அசைப்போம்."

"மேஜைக்கு எத்தனை கால்?" என்று கேட்டார் சடகோபன்.

போய் எண்ணிவிட்டு வந்தார்கள். நாலு. நாமும் நாலு பேர், இது தெய்வச் செயல் என்று அம்பலவாணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கச்சேரி. கல்யாண மண்டபத்துப் பந்தி மேஜை மேல் பட்டுத்துணி தரைவரை தொங்க, அதன் மேல் வாத்தியம். பூவராகன் நின்றபடி வர்ணம் வாசித்தார், சுத்தமாக இருந்தது. பிறகு தோடியைத் தொட்டார். குச்சிகள் உருள உருளக் காந்தாரம் குழைந்து, நெளிந்து, அடடா! எனக்கே சிலிர்த்துவிட்டது. முன்வரிசையில் ஞானசுந்தரி அம்மாள் கண்ணை மூடித் தலையை ஆட்ட ஆரம்பித்தார். அந்த மனுஷர் ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

மேஜைக்கடியிலிருந்து திருவேங்கடத்தின் குரல் வந்தது. "தோடி வந்தாச்சு. பிடிங்க!"

மேஜை குலுங்கியது. காந்தாரத்துக்கு ஓங்கிய குச்சி தம்புராக்காரியின் முழங்கையில் விழுந்தது. கட்டைகள் கயிற்றைவிட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒன்று மிருதங்கத்தில் விழுந்து 'தொம்' என்றது.

"விடுங்கப்பா! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!" என்று கத்தினார் பூவராகன்.

"நாங்க பிடிச்சிருக்கோம், நீங்க கவலைப்படாம வாசிங்க!" என்றார் அம்பலவாணன் உள்ளேயிருந்து.

கடைசிக் கட்டையும் உருண்டு போயிற்று. துணி நழுவியது. பூவராகன் குச்சிகளோடு அழுதுகொண்டு நிற்க, நாலு பெரிய மனுஷர்கள் குந்தி உட்கார்ந்து ஒரு வெறும் மேஜையை வேர்க்க விறுவிறுக்க ஆட்டிக்கொண்டிருந்தார்கள். தோடி முடிந்ததென்று யாராவது சொன்னால்தானே நிறுத்துவார்கள்!

ஞானசுந்தரி அம்மாள் எழுந்து மேடையேறினார். பூவராகனைத் தாண்டிப் போய் நால்வரையும் கும்பிட்டார். "நாப்பது வருஷமா கேக்கறேன். இப்படிக் கண்ணுக்குத் தெரியற கமகத்தை நான் பார்த்ததே இல்லை. டிசம்பர்ல எங்க மேடை உங்களுக்குத்தான்," என்றார். சபையோர் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை, நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ கட்டைகள்?" என்று கேட்டார் மாசிலாமணி.

"அது எதுக்கு? சத்தம் போட்டு அசைவைக் கெடுக்குது," என்றார் அம்மாள்.

நவம்பரில் சடகோபனுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. ஒரு காலுக்கு ஆள் இல்லை. நால்வரும் கூடிப் பேசி, பெரிய மனசு பண்ணிப் பூவராகனைக் கூப்பிட்டார்கள். அவரும் போனாரே! இருபத்தாறு வருஷமாகக் கனவு கண்ட மேடை அல்லவா? என்ன வேஷமானாலும் சரியென்று போய் உட்கார்ந்தார்.

நானும் சென்னைக்குப் போயிருந்தேன். அரங்கம் நிறைந்து வழிந்தது. இரண்டரை மணி நேரம் வெறும் மேஜை ஆடியது. முடிந்ததும் ஞானசுந்தரி அம்மாள் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்திக்கொண்டே வந்து, பூவராகனிடம் மட்டும் சற்று நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எல்லாம் பிரமாதம். நீங்க ஆட்டின காலுல மட்டும் கொஞ்சம் சுருதி குறையுது. சாதகம் பண்ணுங்க."