பிரித்தால் தெரிகிற மடிப்பு

எஸ்தர் டீச்சர் முப்பத்தோரு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், பாளையங்கோட்டையில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய், அங்கே பொட்டலம் மடிக்கும் இசக்கியம்மாளிடம், "எனக்குக் காகிதம் மடிக்கச் சொல்லித் தருவியா?" என்று கேட்டார்.

அதற்கு முந்தின வாரம் அவர் அந்தக் கடையில் சுக்குப் பொடி வாங்கியிருந்தார். பசை இல்லை, நூல் இல்லை, வெறும் காகிதம். பஸ்ஸில் நசுங்கி, பையில் தலைகீழாகக் கிடந்து, வீடு வந்து சேரும்வரை ஒரு துகள்கூடச் சிந்தவில்லை.

இசக்கியம்மாளுக்கு முப்பத்தாறு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். டீச்சர் தன்னிடம் பாடம் கேட்டு வந்து நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"யாருக்கு டீச்சர்? உங்களுக்கா?"

"பிள்ளைங்களுக்கு. விடுதியில பன்னிரண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு. ஆறு வயசுல இருந்து ஒன்பது வயசு வரைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அதுகளுக்கு ஏதாவது சொல்லிக் கொடுங்கன்னு கேட்டாங்க. சுலபமா எதாவது வேணும்."

"எது சுலபம்?"

"அதைத்தான் உன்கிட்ட கேட்க வந்தேன்."

இசக்கி ஒரு சதுரக் காகிதத்தை நீட்டினார். "நாலா மடிங்க."

டீச்சர் முனையோடு முனை வைத்து மடித்தார். கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்த்தார். அளவுகோல் வைத்தது போல் இருந்தது.

"இப்பப் பிரிச்சு, மடிப்புத் தெரியாம ஆக்குங்க."

"அது எப்படி முடியும்?"

"முடியாதுல்லா. பிள்ளைங்க முதல்ல தப்பாத்தான் மடிக்கும். அதுகளை நகத்தால தேய்க்கச் சொல்லாதீங்க. விரலால லேசா அமுக்கினாப் போதும்."

டீச்சர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் மதியம் கடையில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் போவார். இசக்கி ஒன்று சொல்லித் தருவார். சனிக்கிழமை டீச்சர் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார். முதல் வாரம் தண்ணீர் குடிக்கிற கப். அடுத்த வாரம் விசிறி. பிறகு பூனை முகம், பட்டாம்பூச்சி. அச்சகத்தில் வெட்டிப் போட்ட வண்ணக் காகிதத் துண்டுகளை டீச்சரே போய்க் கேட்டு வாங்கி வந்தார். பட்டாம்பூச்சிகளை நூலில் கோத்து விடுதி ஜன்னல் கம்பிகளில் கட்டினார்கள்.

ஒரு வியாழக்கிழமை டீச்சர் கேட்டார்.

"பூனை முகம் ஒண்ணுகூட ஒழுங்கா வரலை, இசக்கி. ஒரு காது பெருசு, ஒரு காது சிறுசு. நான் திருத்திக் கொடுக்கணுமா?"

"பார்த்தா பூனைன்னு தெரியுதா?"

"தெரியுது."

"அப்பப் பூனைதான், டீச்சர்."

பிள்ளைகளில் முப்பிடாதி என்று ஒருத்தி. எட்டு வயது. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவார். முப்பிடாதி அதிகம் பேசமாட்டாள். மற்றப் பிள்ளைகள் எழுந்து போன பிறகு ஒருநாள் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், யாரும் பிரிக்க முடியாத மாதிரி ஒண்ணு மடிக்க முடியுமா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

டீச்சருக்கு அப்படி ஒன்று தெரியாது. வியாழக்கிழமை இசக்கியிடம் கேட்டார்.

"பிரிக்க முடியாத காகிதம்னு கிடையாது டீச்சர். பிரிச்சாத் தெரியுற மாதிரி வேணா மடிக்கலாம்."

நீளவாக்கில் மூன்றாக மடித்து, இரண்டு தலைப்பையும் குறுக்கே கொண்டுவந்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக் காட்டினார். டீச்சர் ஐந்து முறை மடித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

முப்பிடாதி இரண்டே முறையில் பிடித்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை, கோடு போட்ட நோட்டுத் தாளில் மடித்த ஒன்றைக் கொண்டுவந்து டீச்சர் கையில் வைத்தாள். மேலே 'அம்மாவுக்கு' என்று எழுதியிருந்தது. பின்பக்கம் தலைப்புகள் சேருகிற இடத்தில், இரண்டு தலைப்பிலும் படும்படி, பேனாவால் ஒரு பட்டாம்பூச்சி வரைந்திருந்தாள். பிரித்துவிட்டு மறுபடி மடித்தால் சிறகு சேராது. அது யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல.

"அம்மா வர்ற வரைக்கும் இதை நீங்க வச்சிருங்க டீச்சர். என் பெட்டிக்குப் பூட்டு இல்ல. எல்லாரும் எடுத்துப் பாப்பாங்க."

"எப்ப வர்றாங்க அம்மா?"

"அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை."

டீச்சர் அதைக் கைப்பைக்குள் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கைப்பையைத் திறந்தார். கடிதம் கையில் வந்தது. வைத்துவிட்டார். கண்ணாடியை எடுத்தார். மறுபடியும் கடிதத்தை எடுத்தார். அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை என்று விடுதியில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. என்ன கஷ்டமோ, தெரிந்தால் ஏதாவது செய்யலாமே என்று நினைத்துக்கொண்டார். தலைப்பை மெல்ல உருவினார். படித்தார்.

பிறகு மடித்தார். பட்டாம்பூச்சியின் இடது சிறகு ஒரு மயிரிழை கீழே இறங்கி நின்றது. பிரித்து மறுபடி மடித்தார். இப்போது மேலே ஏறி நின்றது. பதினோரு முறை மடித்தார். மடிப்பில் காகிதம் துணி போலத் தளர ஆரம்பித்ததும் பயந்து நிறுத்தினார்.

வியாழக்கிழமை கடைக்குப் போனபோது அவர் குறிப்பேட்டை எடுத்துப் போகவில்லை. கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"இதைச் சரி பண்ணித் தா, இசக்கி. உன் கைக்கு முடியும்."

இசக்கி பட்டாம்பூச்சியைப் பார்த்தார்.

"பிரிச்சிட்டீங்களா?"

"பிள்ளையைப் பத்திக் கவலையா இருந்துச்சு. அதான்."

இசக்கி நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். வெளியே ஒரு ஆட்டோ கடந்து போனது.

"கவலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்" என்றார் டீச்சர்.

"பிள்ளைக்கு எதும் ஆபத்துன்னு இருக்கா அதுல?"

"இல்லை. அப்படி எதுவும் இல்லை."

"யார்ட்டயாவது போய்ச் சொல்ல வேண்டியது?"

"இல்லை."

"சரி."

இசக்கி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். கடிதத்தை எடுத்தார். பிரிக்கும் முன்பு கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் பழைய மடிப்புகளைத் தடவித் தடவிப் போயின. நீளவாக்கில் மூன்று மடிப்பு. குறுக்கே இரண்டு. தலைப்பைச் செருகி முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். கட்டைவிரலால் ஒரு நூல் அளவு நகர்த்தினார்.

சிறகு சேர்ந்துவிட்டது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கோட்டில் ஒரு விலகல் இல்லை.

"ரொம்ப நன்றிம்மா."

"பிள்ளை வாங்கிப் பாத்துட்டு, 'பிரிச்சீங்களா டீச்சர்?'னு கேட்டா?"

"இப்படி இருக்கிறதைப் பார்த்தா அவளுக்கு எப்படிச் சந்தேகம் வரும்?"

"சந்தேகம் வராது. சின்னப் பிள்ளைல்லா, சும்மா கேக்கும். கேட்டா என்ன சொல்லுவீங்க?"

டீச்சர் சிறகைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்லைன்னு சொல்லுவேன்."

"காகிதத்தை நான் மடிச்சுத் தந்துட்டேன், டீச்சர். அந்த 'இல்லை'யை எனக்கு மடிக்கத் தெரியாது."

கடைக்கு ஒருவர் வந்து அதிமதுரம் கேட்டார். இசக்கி எழுந்து போய் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அதற்குள் டீச்சர் கடிதத்தின் தலைப்பை உருவிவிட்டிருந்தார். சிறகு இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

சனிக்கிழமை டீச்சர் விடுதிக்குச் சீக்கிரமே போனார். முப்பிடாதி குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் ஈரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கடிதத்தை நீட்டினார்.

"முப்பிடாதி, இதை நான் பிரிச்சிட்டேன்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினாள். சிறகைப் பார்த்தாள்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

"ஏன்?"

எஸ்தர் டீச்சர் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். பதில் சொல்லாமல் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகள்மேல் அவருக்குக் கோபம் வரும். இப்போது அவரும் குனிந்து ஈரத் தரையைப் பார்த்தார்.

"தெரியலைம்மா. பிரிச்சிருக்கக் கூடாது."

முப்பிடாதி கடிதத்தைக் கிழித்தாள். கோபமாகக் கிழிக்கவில்லை. கோடு கோடாக, பொறுமையாக, எழுத்து எழுத்தாகப் போகும்வரை கிழித்தாள். துண்டுகளைத் தட்டில் அள்ளி எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டாள். திரும்பி வந்து தட்டை மறுபடி கழுவினாள்.

அன்று மடிப்பு வகுப்புக்கு அவள் வரவில்லை. மறு சனிக்கிழமையும் வரவில்லை. துணி துவைக்கிறாள் என்றார்கள். டீச்சர் ஆள் அனுப்பவில்லை. மற்றப் பதினோரு பேருக்கும் தாமரைப் பூ சொல்லிக் கொடுத்தார். கடைசிச் சிறுமி போன பிறகும், முப்பிடாதிக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு ரோஸ் காகிதம் அவர் மடியிலேயே இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை அவள் வந்தாள். டீச்சரிடம் வராமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து மடித்தாள். டீச்சர் அவள் பக்கம் போகவில்லை. அதற்கு அவர் ரொம்பச் சிரமப்பட வேண்டியிருந்தது.

எல்லோரும் எழுந்த பிறகு முப்பிடாதி நின்றாள்.

"அம்மா போன ஞாயித்துக்கிழமை வந்தாங்க."

"அப்படியா?"

"வேற எழுதினேன். நானே வச்சிருந்தேன். நானே குடுத்துட்டேன்."

"நல்லது."

"சட்டைக்குள்ள வச்சிருந்தேன். குளிக்கும்போதுகூட எடுக்கலை. நனைஞ்சு போச்சு."

"அம்மாவால படிக்க முடிஞ்சுதா?"

"பாதி. மீதியை நான் காதுல சொன்னேன்." சொல்லிவிட்டு அவள் காலால் தரையைத் தேய்த்தாள். "டீச்சர், அதைவிடக் கஷ்டமா ஒண்ணு இருக்கா?"

"இருக்கும். கேட்டுட்டு வர்றேன்."

அடுத்த வியாழக்கிழமை டீச்சர் கேட்டார். இசக்கி நான்கு தலைப்பும் நடுவில் பின்னிக்கொள்கிற ஒரு மடிப்பைச் சொல்லித் தந்தார். டீச்சருக்கு அது பிடிபட இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிடிபட்டதும் குறிப்பேட்டில் படம் போட்டுக்கொண்டார். எழுந்திருக்க வேண்டியவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இசக்கி."

"சொல்லுங்க டீச்சர்."

"எல்லாம் முடிஞ்சு போச்சு. ஆனாலும் ஒண்ணு மட்டும் எனக்குள்ள கிடந்து அரிக்குது. அந்தக் கடுதாசியில அவ என்ன எழுதியிருந்தான்னு உன்கிட்ட மட்டும் சொல்லிடுறேன். சொன்னா எனக்கும் பாரம் குறையும்."

இசக்கி சுக்குப் பொடியைக் காகிதத்தின் நடுவில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"மேல பேர் எழுதியிருந்துச்சே டீச்சர், யாருக்குன்னு?"

"அம்மாவுக்குன்னு எழுதியிருந்துச்சு."

இசக்கி பொட்டலத்தை மடித்துத் தலைப்பைச் செருகினார்.

"நான் அவளுக்கு அம்மா இல்லையே, டீச்சர்."