ஆமை முதுகில் குதித்த நாடு

எல்லாரும் உட்கார்ந்தாயிற்றா? அங்கே பின்னால் யாரது, குதித்துக்கொண்டே இருப்பது? உட்காரப்பா. இந்தக் கதை முடிந்தால் நீயாகவே குதிப்பதை விட்டுவிடுவாய்.

கடலில் உப்புக் கரையாத காலம் அது. மீனுக்கு முள் முளைக்காத காலம். அப்போது நடுக்கடலில் துள்ளுநாடு என்று ஒரு நாடு இருந்தது.

வடக்கே ஒரு மொட்டைமலை. மலையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குகைகள். குகைக்குள்ளிருந்து எந்நேரமும் வெதுவெதுப்பான காற்று வரும். அதன் வாசலில்தான் பெண்கள் வடகம் காயவைப்பார்கள். நாலு மூலையிலும் நாலு திட்டுகள் கடலுக்குள் நீண்டு கிடந்தன. தெற்கே சின்னதாக, கூராக ஒரு முனை. நடுவில் கட்டம் கட்டமாக வயல்கள். யாரும் வரப்பே போட்டதில்லை, நிலமே அப்படித்தான் இருந்தது.

என்ன, சிரிக்கிறீர்கள்? உங்களுக்குப் புரிந்துவிட்டது. ஆமைதான்! மகா பெரிய ஆமை, மகா பெரிய தூக்கம். ஆனால் அந்த நாட்டில் ஒருவருக்கும் அது புரியவில்லை. அவர்களுக்குக் குதிக்கவே நேரம் போதவில்லை.

முதல் அரசன் வெண்கொற்றன் ஒருநாள் ஏதோ நல்ல வார்த்தை சொன்னான். கேட்ட ஒருவன் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தான். அரசன் அவனுக்கு ஒரு மாம்பழம் கொடுத்தான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது வியாதி! அடுத்த அரசன் பெருங்கொற்றன் காலத்தில் அவன் வாய் திறந்தால் சபையே குதித்தது. மூன்றாம் அரசன் இளங்கொற்றன் காலத்தில் அவன் "தண்ணீர் கொண்டுவா" என்றாலும் கேட்டவர்கள் எல்லாரும் குதித்தார்கள். தண்ணீர் கொண்டுவந்தவனும் குதித்துக்கொண்டே வந்தான். பாதிச் சொம்புதான் வந்து சேரும்.

இளங்கொற்றன் கெட்டவன் இல்லை. யார் குதித்தாலும் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும், அவ்வளவுதான்.

அவன் மனைவி தும்பையாளுக்கு நிறைமாதம். ஒருநாள் அவள் சொன்னாள்: "அரசே, தரை அசைகிறது. நேற்று மொட்டைமலை தும்மியது. காய்ந்த வடகமெல்லாம் கடலில் விழுந்துவிட்டது. வருகிற உங்கள் பிறந்தநாளுக்கு யாரையும் குதிக்கவிடாதீர்கள். நம் பிள்ளைக்குக் கால் ஊன்ற மண் வேண்டாமா?"

பிள்ளை என்றால் அரசனுக்கு உயிர். சபையைக் கூட்டி, மலை ஏன் தும்மியது என்று கேட்டான். சபை முதலில் குதித்தது. பிறகு சோதிடர், "மலை தங்களை வாழ்த்தியது" என்றார். புலவர், "மலை தங்களைப் பாடியது" என்றார். தலைமை அமைச்சர் கொன்றைநம்பி, "மலைக்கும் குதிக்க ஆசை, மன்னா! பாவம், கால் இல்லை" என்றார்.

அடடா, எவ்வளவு இனிப்பாக இருந்தது அரசனுக்கு! மனைவி சொன்னது மறந்தேபோயிற்று.

பிறந்தநாள் வந்தது. நாடே அரண்மனைத் திடலில் கூடியது. அரசன் எழுந்து, "என் மக்களே!" என்றான். நாடே ஒன்றாகக் குதித்தது. தொம்!

மொட்டைமலை மெல்லத் திரும்பியது. மலையில் இரண்டு கண்கள் திறந்தன.

"யாரது என் முதுகில்?" என்றது ஆமை. "எத்தனை யுகத்துத் தூக்கம்! கெடுத்துவிட்டீர்களே! போகட்டும். நான் மறுபடி கண் மூடும்வரை அசையாமல் நில்லுங்கள். இல்லாவிட்டால் கடலுக்கு அடியில் போய்த்தான் தூங்குவேன்."

எவ்வளவு நல்ல ஆமை பாருங்கள்!

அரசன் கைகூப்பி, "அப்படியே ஆகட்டும்" என்றான். அரசன் பேசிவிட்டானே! எல்லாரும் குதித்தார்கள். தொம்! கணுக்கால்வரை தண்ணீர் ஏறியது.

"ஐயோ, குதிக்காதீர்கள்!" என்று கத்தினான் அரசன். இவ்வளவு உரக்க அவன் பேசி யாரும் கேட்டதில்லை. ஆகவே இன்னும் உயரமாகக் குதித்தார்கள். தொம்! முழங்கால்வரை தண்ணீர்.

தும்பையாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "முடியைக் கழற்றுங்கள். முடி இருக்கும்வரை இவர்கள் குதிப்பார்கள்" என்றாள்.

அரசன் கை மேலே போனது. பாதியில் நின்றது. முடி போனால் இனி யார் அவனுக்காகக் குதிப்பார்கள்? மனைவியின் முகத்தைப் பார்த்தான். வயிற்றைப் பார்த்தான். கழற்றித் தண்ணீரில் வீசியே விட்டான்.

"நான் அரசன் இல்லை. அசையாமல் நில்லுங்களப்பா, கெஞ்சிக் கேட்கிறேன்" என்றான்.

ஒருவரும் குதிக்கவில்லை! அம்மாடி! ஆமையின் ஒரு கண் மூடியது. மற்றொரு கண் பாதி மூடியது. இன்னும் ஒரு மூச்சு நேரம்தான்.

கொன்றைநம்பிக்கு நாக்கு அரித்தது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"ஆகா! என்ன தியாகம்! முடியையே துறந்த மாமன்னர்!"

தொம்!

போயிற்று நாடு. திடல் போயிற்று, அரண்மனை போயிற்று, கட்டம் போட்ட வயலெல்லாம் போயிற்று. ஜனங்கள் கதவிலும் கட்டிலிலும் வைக்கோல்போரிலும் தொற்றிக்கொண்டு மிதந்தார்கள். கொன்றைநம்பி சிம்மாசனத்தின் காலைக் கட்டிப்பிடித்து, தலைகீழாக, தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தார். பயப்படாதீர்கள், ஒரு கோழிகூடச் சாகவில்லை.

பொழுது சாய்வதற்குள் அலை அவர்களை ஒரு கரையில் ஒதுக்கியது. ஈரமணலில் தும்பையாளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. இளங்கொற்றன் பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். பிறகு ஜனங்களைப் பார்த்து, "என் மகள்" என்றான்.

பழக்கம் விடுமா? அத்தனை முழங்கால்களும் மடங்கின. கொன்றைநம்பியின் வாய் திறந்தது.

இளங்கொற்றன் உதட்டில் விரல் வைத்தான். "தூங்குகிறாள்."

கொன்றைநம்பி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். ஒருவரும் குதிக்கவில்லை. மடங்கிய முழங்கால்களோடு அப்படியே மெல்ல மணலில் உட்கார்ந்தார்கள்.

நீங்களும் எழுந்து போகலாம். மெதுவாக, காலடியில் என்ன தூங்குகிறதோ, யார் கண்டார்கள்? போகும்போது இதை மட்டும் மனதில் வையுங்கள்: பெரியவர் சொல்வதற்கெல்லாம் யோசிக்காமல் துள்ளிக் குதிப்பவர், அந்தப் பெரியவர் நிற்கும் மண்ணையும் தாம் நிற்கும் மண்ணையும் சேர்த்தே மூழ்கடிப்பார்.