அங்கம்மாளின் மூன்று சொற்கள்

மருத்துவக் கல்லூரி நூலகர் ஆக்னஸுக்கு வயது முப்பத்தொன்று. அவரிடம் கணினியில் தேடக் கற்றுக்கொள்ள மதியந்தோறும் வந்துகொண்டிருந்த டாக்டர் தில்லைநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு.

அன்று டாக்டர் முகம் வாடி வந்தார்.

"வார்டுல அங்கம்மாள்னு ஒருத்தி. ஒரே மாசத்துல மூணாவது தடவை வந்திருக்கா. வாந்தி, தலைசுற்றல். எந்தப் பரிசோதனையிலயும் ஒண்ணும் தெரியல. நடிக்கிறான்னு வார்டுல பேச்சு. நாளைக்கு மனநலப் பிரிவுக்கு அனுப்பப் போறாங்க."

"தேடிப் பார்த்தீங்களா?"

"பொதுத் தேடல்ல விளம்பரமும் வீட்டு வைத்தியமும் கொட்டுது. நீங்க சொல்லிக்கொடுத்த மருத்துவத் தேடுபொறியில ரெண்டு லட்சம் கட்டுரை வந்து நிக்குது."

ஆக்னஸ் திரையை அணைத்தார். ஒரு வெற்றுத் துண்டுச்சீட்டை நீட்டினார்.

"மூணு சொல் எழுதிட்டு வாங்க டாக்டர். அங்கம்மாள் வாயிலேர்ந்து வந்ததா இருக்கணும்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷ அனுபவம்! ஆனாலும் போனார். கட்டிலருகே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அங்கம்மாள் பதறி எழப் பார்த்தாள்.

"படும்மா. எப்பெப்போ இப்படி வருது?"

"இலை ஒடிக்கிற அன்னிக்குத்தாங்க. பொகையிலைக் காட்டுல வேலை. விடியக்காலம் பனியில இலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்கும். மாரோட அணைச்சு ஒடிப்போம். சீலை ஈரமாயிரும். மத்தியானம் தலை கிறுகிறுங்கும், வாந்தி வரும்."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"என்ன சாப்பிட்டேன்னுதானுங்க எல்லாரும் கேட்டாங்க."

டாக்டர் எழுதினார்: புகையிலை. ஈரம். வாந்தி.

அவர் சீட்டோடு நூலகம் திரும்பியதும், ஆக்னஸ் அவற்றுக்குரிய மருத்துவத் தலைப்புச் சொற்களைத் திரையில் காட்டினார்.

"ஒவ்வொரு கட்டுரையும் எதைப் பத்தினதுன்னு பார்த்து, இந்தத் தலைப்புகளுக்குக் கீழ சேர்த்து வச்சிருக்காங்க. எழுதினவர் எந்தப் பேர்ல எழுதியிருந்தாலும் இங்க வந்து சேர்ந்துடும்."

ரெண்டு லட்சம், முப்பத்தெட்டாகச் சுருங்கியது. முதல் கட்டுரையே பச்சைப் புகையிலை நோயைப் பற்றியது. நனைந்த இலையிலிருந்து நிக்கோட்டின் தோல் வழியே உடம்பில் ஏறுகிறது. டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். எழுந்து வார்டுக்கு விரைந்தார்.

மனநலப் பிரிவுக்கான சீட்டு கிழிக்கப்பட்டது. அங்கம்மாள் மூன்றாம் நாள் வீடு திரும்பினாள். டாக்டர் சொன்னபடி, பனி உலர்ந்த பிறகே காட்டில் இறங்கினாள். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டு, மார்பில் பிளாஸ்டிக் தாள் கட்டிக்கொண்டாள். அந்த அறுவடை முடியும்வரை ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

டாக்டர் மனம் நிறைந்து நூலகத்துக்கு வந்தார்.

"ஒண்ணு மட்டும் புரியல. விஷயம் அவகிட்டதான் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"தெரியாது டாக்டர்," என்றார் ஆக்னஸ். "நோய் என்னன்னு தெரிஞ்சிருந்தா நானே மூணு சொல்லைப் போட்டுத் தேடியிருப்பேன். தெரியாததாலதான் உங்களை அவங்ககிட்ட அனுப்பினேன்."