மூன்று ஃபயர்வாலும் ஒரு நீல வயரும்

தூத்துக்குடியில் தங்கபுஷ்பம் டீச்சர் சனிக்கிழமைகளில் திறந்த மூல மென்பொருள் வகுப்பு எடுத்து வந்தாள். எழுதியவர்கள் ஒளிவுமறைவு இல்லாமல், உட்புறத்தை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் மென்பொருள் அது. வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் டீச்சரைவிட மூத்தவர்கள். அமலனும் அப்படித்தான். கப்பலில் மின்சார வேலை பார்ப்பவன். வருகிற புதன்கிழமை மறுபடி கப்பல் ஏற வேண்டும்.

வகுப்பு கலைந்தும் அவன் எழவில்லை.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

தோளில் மாட்டிய பையை டீச்சர் திரும்ப இறக்கி வைத்தாள். காலையிலிருந்து பேசிப் பேசி அவள் குரல் கம்மியிருந்தது.

"கேளுங்க அண்ணாச்சி."

"வீட்டு ஆளுங்களுக்கு ஃபயர்வால் வைக்கணும், இணையம் வழியா கண்டவன் உள்ள வராம தடுக்குற காவல். மூணு மென்பொருள் போட்டுப் பாத்துட்டேன். முதலாவது கல்லு மாதிரி. நாம விதி எழுதினாத்தான் எதையும் விடும். ரெண்டாவது ஒவ்வொண்ணுக்கும் 'விடலாமா, விடலாமா'ன்னு கேக்கும். என் வீட்டுக்காரி பிலோமினா எல்லாத்துக்கும் சரின்னு அழுத்திட்டா. எடுத்துட்டேன்."

"மூணாவது?"

"அது பொம்மை டீச்சர். திரையில பெரிசா ஒரு பொத்தான். அதை அழுத்தினா அரை மணி நேரம் சும்மா இருக்கும். அப்புறம் தானா வேலைக்கு வந்துரும். அதெல்லாம் ஒரு ஃபயர்வாலா?"

"இப்ப எது ஓடுது?"

"கல்லுதான். ஆனா நான் கப்பல் ஏறுன பிறகு எது தாங்கும்னு தெரியல. ராத்திரி தூக்கம் வரல."

காரணம் டீச்சருக்குத் தெரியும். படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள அமலன் ஒரு கேமரா மாட்டியிருந்தான். போன பயணத்தில் அவன் நடுக்கடலில் இருந்தபோது, யாரோ ஒருவன் இணையம் வழியாக அதற்குள் நுழைந்துவிட்டான். அந்தக் கேமராவில் பேசவும் முடியும். வந்தவன் பேசவில்லை. சிரித்தான். எழுந்திருக்க முடியாத மனிதர், ஆளில்லாத அறையில் அந்தச் சிரிப்பைக் கேட்டபடி கிடந்தார்.

"கேமராவைக் கழற்றிட்டா என்ன?"

"பிலோமினா மாடியில தைக்கப் போனா அப்பாவை யாரு பாப்பா? கடல்ல இருந்து நானும் அதுலதான் அவர் முகத்தைப் பாக்கேன். கடவுச்சொல் மாத்தியாச்சு. ஆனாலும் மனசு கேக்கல."

டீச்சர் கண்களைத் தேய்த்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுல டீ கிடைக்குமா?"

வீட்டுக் கூடத்தில், மேசை மேல் ஒரு பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. ஃபயர்வால் அதற்குள் இருந்தது. மோடத்திலிருந்து ஒரு நீல வயர் வழியாக இணையம் அதற்குள் வரும். அது பார்த்து அனுமதித்ததுதான் வைஃபைக்குப் போகும்.

அமலன் திரையைக் காட்டினான். வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது.

"இவ்வளவும் வெளியே இருந்து தட்டுறவனுவ. ஒருத்தன் உள்ள வரல. செவ்வாய்க்கிழமை மதியம் பாருங்க, தட்டக்கூட ஆளில்ல. வியாழனும் அப்படித்தான். பயந்துட்டானுவ."

டீச்சர் அந்த வெற்றிடத்தையே பார்த்தாள்.

"அந்த நேரத்துல வீட்டுல என்ன நடக்கும்?"

"அப்பாவுக்கு வீடியோவுல உடற்பயிற்சி. மதுரையில இருந்து ஒரு டாக்டரம்மா சொல்லிக்குடுப்பாவ. நான் கப்பல் வேலைக்கான பயிற்சி வகுப்புக்குப் போயிருப்பேன்."

பிலோமினா டீ கொண்டுவந்தாள்.

"குடிங்க டீச்சர். இவிய பேச ஆரம்பிச்சா ஒரு டீ பத்தாது. அடுப்புல இன்னொண்ணு கொதிக்குது."

டீச்சர் சிரித்தாள்.

"அக்கா, வீடியோவை இந்தப் பெட்டி விடலைன்னா என்ன பண்ணுவிய?"

பிலோமினா கணவனைப் பார்த்தாள்.

"இவியகிட்ட கேப்பேன்."

"இவிய கப்பல்ல இருந்தா?"

இனி மறைக்கத் தெம்பில்லை என்பதுபோல, பிலோமினா தட்டைக் கீழே வைத்தாள். மேசைக்குப் பின்னால் கையை விட்டாள். கணினியிலிருந்து நீல வயரைப் பிடுங்கினாள். நேராக வைஃபை பெட்டியில் செருகினாள். வயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; கைக்கு இடம் பழகியிருந்தது.

திரையில் ஓடிய வரிகள் நின்றன. செவ்வாய்க்கிழமை மதியத்தைப் போலவே இருந்தது.

"பிலோ!"

"என்ன செய்யச் சொல்லுதிய? ஒரு நாள் போன்ல கேட்டேன். விதி, விதின்னு பாடம் நடத்தினிய. நீங்க முடிக்கதுக்குள்ள டாக்டரம்மா போயிட்டாவ. அன்னைக்கு மாமாவுக்குக் காலு மடங்கவே இல்ல."

"அதுக்காக?"

"நீங்க வர்றதுக்குள்ள திரும்ப மாட்டிருவேன்லா."

"அந்நேரம் முழுக்க அப்பா ரூம் கேமராவுக்குக் காவலே இல்ல பிலோ. அவன் மறுபடி வந்திருந்தா?"

பிலோமினாவின் முகம் வெளுத்தது. வீடியோவுக்கு மட்டும்தான் வழி விட்டதாக அவள் நினைத்திருந்தாள்.

உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"பிலோ, லைட் எரியுதாம்மா?"

"எரியுது மாமா."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்ட நாளிலிருந்து பட்டப்பகலிலும் அவர் இப்படிக் கேட்பார்.

அமலன் வயரைப் பழைய இடத்தில் மாட்டினான். வரிகள் மறுபடி ஓடத் தொடங்கின. அவற்றைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

"புதன்கிழமை நான் போயிருவேன் டீச்சர். இவளால அணைக்கவே முடியாத மாதிரி எது இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க."

டீச்சர் மீதி டீயைக் குடித்து முடித்தாள். எழுந்து, தான் இருந்த நாற்காலியைத் திரைக்கு முன்னால் நகர்த்திப் போட்டு, பிலோமினாவை உட்கார வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அணைக்கிறது எப்படின்னு அக்காவுக்குச் சொல்லிக்குடுங்க அண்ணாச்சி. மூணுல எதுல சீக்கிரம் சொல்லி முடிக்கியளோ, அதை வச்சுட்டுப் போங்க."