ஆற்றங்கரை வண்டிக் குத்தகை

செங்காட்டுச் சீமையை உதயசிங்க ராஜா ஆண்ட காலத்தில், ஊருக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவே ஒரு காத தூரம் இருந்தது. இன்றும் அவ்வளவுதான். ஆனால் அன்று அதை வண்டியில் கடக்க ஒரு பகல் முழுக்க ஆகும். அதற்குத் தூரம் காரணமில்லை, ரங்கேசன்தான் காரணம்.

சந்தையும் வைத்தியசாலையும் ஆற்றங்கரையில் இருந்தன. ஊர்ச்சபைக்குச் சொந்தமாக வண்டி கிடையாது. மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் யாருக்காவது குத்தகை விட்டு, ஜனங்களை ஏற்றிப் போகச் சொல்லும். குத்தகை தவறாமல் ரங்கேசனுக்கே விழும். சபைத் தலைவர் தண்டபாணியார் அவனுடைய அக்கா புருஷன். பாதி வழி அவன் வண்டி ஆட்களைச் சுமக்கும். மீதி வழி ஆட்கள் வண்டியைத் தள்ளுவார்கள்.

ராஜாவின் தர்பாரில் ஆராவமுதன் என்றொருவன் இருந்தான். நாக்கு நீளம், பொறுமை குட்டை. ஒருநாள் பல்வலி என்று ரங்கேசன் வண்டியில் ஏறினான். பள்ளத்தில் விழுந்து எழுந்த குலுக்கலில், வைத்தியரைப் பார்ப்பதற்கு முன்பே பல் மடியில் விழுந்தது. அதுவும் வலித்த பல் இல்லை, பக்கத்துப் பல்.

அந்த வருஷம் குத்தகைக்கு வெள்ளையம்மாள் என்கிற மலையூர்க்காரியும் வந்தாள். பன்னிரண்டு வண்டி, கொழுத்த மாடுகள். ஆள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்புவாள். தண்டபாணியார் ஓலையை எடுத்து நான்கு நிபந்தனை எழுதினார். அவளைத் திருப்பி அனுப்ப முதல் வரியே போதுமாயிருந்தது.

ஆராவமுதன் நேரே ராஜாவிடம் போனான்.

"மகாராஜா, அந்த நிபந்தனையெல்லாம் ரங்கேசனை நிற்க வைத்து அளவெடுத்துத் தைத்தது."

ராஜா பெருமூச்சு விட்டார். "எனக்கும் தெரியும். ஆனால் ஊர்ச்சபை காரியத்தில் அரசன் கைவைக்கக் கூடாது என்று என் பாட்டனார் சாசனம் எழுதிக் கொடுத்துவிட்டார். நிபந்தனையைத் தலைவரே வாபஸ் வாங்கினால்தான் உண்டு."

பக்கத்தில் இருந்த தண்டபாணியார் சிரித்தார். "அளவெடுத்துத் தைத்தது என்கிறாரே, ஓர் எழுத்தும் மாற்றாமல் இந்த நான்குக்கும் பொருந்துகிற வேறொரு ஆளைக் கொண்டுவரட்டும். அவருக்கே குத்தகை. மூன்று நாள் தவணை. முடியாவிட்டால் ஆராவமுதனார் ஆயுசு முழுக்க என் மைத்துனன் வண்டியில்தான் போய்வர வேண்டும்."

தர்பாரே சிரித்தது. ஆராவமுதன் நாக்கால் மிச்சமிருந்த பற்களை எண்ணிப் பார்த்துக்கொண்டான்.

இரண்டு நாள் ஊரெல்லாம் அலைந்தான். ஆள் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை வெறுப்போடு ஆற்றங்கரைப் பாதையில் நடந்தான். ரங்கேசன் வண்டி சேற்றில் மாட்டி நின்றது. அந்த நேரம் பார்த்து ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு ஒரு பாடை வந்தது. தூக்கியவர்கள் வண்டியை லேசாக ஒதுங்கித் தாண்டிப் போய்விட்டார்கள். வண்டிக்குள் இருந்த பெரியவர் ஒருவர் பாடையை ஏக்கத்தோடு பார்த்தார். ஆராவமுதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாடைக்குப் பின்னால் ஓடினான்.

மாலையில் தர்பாருக்கு நான்கு பேரோடு வந்தான். முன்னால் நின்றவர் மூக்கன், நரைத்த மீசைக்காரர்.

"இவர்கள்தான் மகாராஜா. ஓலையைப் படிக்கச் சொல்லுங்கள்."

எழுத்தர் படித்தார். "ஒன்று: பத்து வருஷமாவது ஊர் வாசலிலிருந்து ஆற்றங்கரை வரை ஆட்களைக் கொண்டுசென்ற பழக்கம் வேண்டும்."

"முப்பது வருஷமாப் போறோம் சாமி," என்றார் மூக்கன். "அதே பாதைதான்."

"இரண்டு: பயணிகளில் ஒருவர்கூடச் சபைக்கு வந்து குறை சொல்லியிருக்கக் கூடாது."

"இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்லை."

"மூன்று: எவரையும் பாதி வழியில் இறக்கித் தனியே நடக்கவிட்டிருக்கக் கூடாது."

"ஏறினவங்க யாரும் நடந்ததே இல்லைங்க."

ராஜாவுக்குச் சந்தேகம் தட்டியது. "பெரியவரே, நீங்கள் என்ன வண்டி ஓட்டுகிறீர்கள்?"

"வண்டி இல்லைங்க. பாடை தூக்குறோம்."

தண்டபாணியார் துள்ளி எழுந்தார். "இது என்ன கூத்து?"

"ஓலையில் 'வண்டி' என்று எங்கேயாவது இருக்கிறதா?" என்றான் ஆராவமுதன். "'கொண்டுசென்ற' என்றுதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எழுத்தரே, நாலாவது?"

எழுத்தர் ஓலையைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"நான்கு: குத்தகை பெற்றவரின் முதல் சவாரியில் சபைத் தலைவரே, மாலை மரியாதையோடும் மேளதாளத்தோடும், ஊரார் பின்தொடர, ஆற்றங்கரை வரை சென்று சேர வேண்டும்."

மூக்கன் தண்டபாணியாரைத் தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு பக்கத்து ஆளிடம், "கனமான ஆளு. ஆறு பேராத் தூக்கலாம்," என்றார்.

தண்டபாணியார் எழுத்தர் கையிலிருந்து ஓலையைப் பிடுங்கினார். "நான்கு நிபந்தனையும் வாபஸ்," என்றார். அங்கேயே, அப்போதே, தன் கையாலேயே ஓலையைக் கிழித்தார். நேரத்துக்குக் கிளம்பி நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே வரியோடு புது ஓலை எழுதப்பட்டது. குத்தகை வெள்ளையம்மாளுக்குப் போனது.

அதுவரை சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். ஆராவமுதனுக்கு ஒரு குதிரை கொடுத்தார், இனி எவன் வண்டியையும் அவன் நம்ப வேண்டாம் என்று. பிறகு மூக்கன் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, நியாயமாகப் பார்த்தால் குத்தகை உங்களுடையது. கைக்கு எட்டி நழுவிவிட்டதே. வருத்தமில்லையே?"

மூக்கன் கும்பிட்டார்.

"இதுல என்னங்க வருத்தம்? தலைவர் சவாரி எப்படியும் எங்களுக்குத்தான். அவருக்குத் தோதுப்படுறப்ப வரட்டும்."