செத்த காதின் நிசப்தம்

"எனக்கு நெஞ்சு மரத்துப்போச்சு மேடம். வேலைய விட்டுடறேன்" என்றார் அம்புரோஸ்.

பௌசியா மேடம் நிமிரவில்லை. ஆய்வுக்கூட மேசையில், கசாப்புக் கடையிலிருந்து வந்த ஆட்டுக் காதுக்குள் உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். செவிப்பறை காய்ந்தால் விறைத்துவிடும். அளவு பொய்யாகிவிடும்.

"ஏன், என்னாச்சு?"

"பிலோ போயி ஒரு மாசம். கட்டின பொண்டாட்டிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. அடக்கம் பண்ண மறுநாளே இங்க வந்து காது அறுத்தேன். கை நடுங்கல. நானெல்லாம் மனுஷனா?"

அம்புரோஸ் மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செவிப்பறையின் விறைப்பை அளக்கக் கற்றுக்கொள்ள, தன்னைவிடச் சின்னவரான மேடத்திடம் வந்து சேர்ந்தவர். பிடிவாதக்கார மனுஷர்.

"சரி, விடுங்க. போறதுக்கு முன்னாடி இந்தக் காதோட நிசப்தத்தை மட்டும் அளந்து குடுங்க."

ஒலியே கொடுக்காமல், செவிப்பறை சும்மா கிடக்கிறதா என்று பார்ப்பதுதான் நிசப்த அளவு. அது அசைந்தால் மற்ற அளவெல்லாம் குப்பை.

சத்தம் புகாத அறை. தடித்த கதவை மேடம் சாத்தினார்.

அம்புரோஸ் காதைக் கல்மேசையில் பொருத்தி, செவிப்பறைமேல் லேசர் புள்ளியை வைத்தார்; பறை துளி அசைந்தாலும் திரையில் கோடு எழும்பும். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார். மேசையோரம் சாய்ந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

கோடு எழும்பியது. தணிந்தது. மறுபடி எழும்பியது.

"ஐயோ மேடம், அசையுது! ஒயர் என் கையில இருக்கு!"

மேடம் உதட்டில் விரல் வைத்தார்.

இருவரும் மூச்சுவிடவில்லை. கோடு மட்டும் எழுந்து எழுந்து விழுந்தது. யாரோ நடந்து வருவதுபோல. செத்த ஆடு எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

அம்புரோஸுக்கு வேர்த்தது. பயம் ஏற ஏற, அந்த நடை வேகமெடுத்தது. கிட்டே வந்தது.

பிலோவா?

வாய் திறக்கவில்லை. மனசுக்குள்தான் கேட்டார். கோடு துள்ளியது.

மேடம் பக்கத்தில் வந்தார். அளக்கும்போது மேசையைத் தொடக் கூடாது என்பது அங்கே முதல் நாள் பாடம். தொட்டால் சின்ன அதிர்வுகூடக் கல் வழியாகக் காதுக்குப் போய்விடும். அம்புரோஸ் முழங்கையை அதன்மேல்தான் ஊன்றியிருந்தார்.

மேடம் அந்தக் கையைப் பிடித்து மெல்லத் தூக்கினார்.

கோடு படுத்துவிட்டது.

அம்புரோஸ் தன் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து நாடி பார்த்தார். திரையில் வந்த அதே நடை. பிறகு முழங்கையைத் திரும்பவும் கல்லின் மேல் வைத்தார்.

கோடு எழும்பியது.

"பிலோ" என்று மேசைமேல் முகம் கவிழ்ந்தார். கோடு திரைக்குள் அடங்கவில்லை.

மேடம் லேசரை அணைத்தார்.

"இன்னிக்கு அளவு கெட்டுப்போச்சு சார். நாளைக்கு வாங்க."